கணவரைப் படிக்க ஒரு கருவி

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு வடிவாம்பிகையின் கணவர் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம் இருந்தார். இறக்கி முடிக்க ஏழு நிமிடம் பிடித்தது.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. நீர்நிலை அளவைத் துறையில் ஒருவரை சஸ்பெண்ட் செய்தால், விசாரணை முடியும்வரை கோப்பாகத்தான் வைத்திருப்பார்கள். ஆளாகவே விட்டுவைத்தால் சங்கத்தைக் கூட்டுவார், வாசலில் உட்காருவார், போகிறவர் வருகிறவரிடம் நியாயம் கேட்பார். கோப்புக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது.

சிகாமணி செய்த குற்றமும் சின்னதல்ல. கொக்கரந்தாங்கல் ஏரி, துறையின் பதிவேட்டில் பதினாறு வருடமாகப் பேருந்து நிலையமாக இருந்து வந்தது. யாருக்கும் அதில் சிரமம் இல்லை. இவர் போய்ச் சங்கிலி பிடித்து அளந்துவிட்டு, ஏரி என்று எழுதிவிட்டார். மீன் வேறு இருந்ததாக ஓரத்தில் குறித்திருந்தார்.

கோப்போடு ஒரு கடிதமும் வந்திருந்தது. விசாரணை அன்று மாலை நான்கு மணிக்கு, விழுப்புரம் வட்டார அலுவலகத்தில். குடும்பத்தில் ஒருவர் கோப்பை முழுவதும் படித்துவிட்டு வர வேண்டும். ஒரு பக்கம் படிக்காமல் விட்டிருந்தாலும் கோப்பு முடிக்கப்படும். முடிக்கப்பட்ட கோப்பிலிருந்து ஆளைத் திரும்ப எடுக்க விதிகளில் இடமில்லை.

வடிவாம்பிகை அதை இரண்டு தடவை படித்தாள். இருபத்திரண்டு வருடமாகக் கூட இருந்த மனிதர் நான்கு மணிக்கு மேல் இல்லாமல் போவார் என்று ஒரு காகிதம் சொன்னால் யாரும் அப்படித்தான் படிப்பார்கள்.

கைப்பேசியில் அவரைத் திறந்து பார்த்தாள். ஐந்து வரிக்கு மேல் தெரியவில்லை. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு வந்தது.

"வடிவு, கழுத்து வலிக்குது. கொஞ்சம் பெரிசா ஏதாவது வாங்கு."

மேலே இருந்ததெல்லாம் துறையின் வாசகம். அவருக்கென்று கொடுத்திருந்த இடம் அடிக்குறிப்பு மட்டும்தான்.

எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே வாசிப்புக் கருவிகள் மட்டுமே விற்கும் கடை ஒன்று இருந்தது. பதினொன்றே காலுக்கு உள்ளே நுழைந்தாள். ரயில் பன்னிரண்டரைக்கு. மகிமைதாஸ் என்ற விற்பனையாளர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து, அவள் கண்ணுக்கும் மடிக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொண்டார்.

"பயணத்துக்கா, வேலைக்கா?" என்றார்.

"எங்க வீட்டுக்காரரைப் படிக்கணும்."

"எத்தனை பக்கம்?"

"அறுநூத்திப் பன்னெண்டு."

"நல்ல கனமான ஆளு. பயணத்துக்கா, வேலைக்கா?"

அவள் முதல் கருவியைக் காட்டச் சொன்னாள்.

அது ஆறு அங்குலம். கைக்குள் அடங்கியது. ஆனால் தமிழ் சரியாக வரவில்லை. கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறிப்போய், சிகாமணி பக்கம் முழுவதும் கிடந்தார். அடியில் "வேண்டாம்" என்று வந்தது. அந்த ஒரு சொல்லே நான்கு துண்டாக இருந்தது. வடிவாம்பிகை அவசரமாக மூடினாள்.

இரண்டாவது ஏழு அங்குலம். தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது.

"ஏரிப் பக்கம் வேலை பாத்தவருன்னா இது தோதா இருக்கும்," என்றார் மகிமைதாஸ்.

"அவருக்கு வெளிச்சம் ஆகாது. தலைவலி வந்துரும்."

"வெளிச்சத்தைக் குறைக்கலாம். ஆனா வயசு கூடுதலாத் தெரியும்."

முதலாவதையும் இரண்டாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூன்றாவது வேண்டும் போலிருந்தது. நிமிர்ந்தபோது கடை ஓர் அலமாரி அளவு நீண்டிருந்தது. மூன்றாவதை எடுத்து இரண்டாவதோடு ஒப்பிட்டாள். இன்னும் இரண்டு அலமாரிகள் வந்து சேர்ந்தன. வாசல் தீப்பெட்டி அளவுக்குப் போய்விட்டது.

"ஒப்பிட ஒப்பிட இப்படித்தாங்க நீளும். பாத்துச் செய்யுங்க," என்றார் மகிமைதாஸ்.

அடுத்த வரிசையிலிருந்து குக்கர் விசில் கேட்டது. ஒரு தம்பதி பேட்டரியை ஒப்பிட்டுக்கொண்டே அங்கே குடித்தனம் நடத்தினார்கள். மனைவி மூன்று வாரம் தாங்குவதைக் கேட்டாள். கணவர் எடை குறைந்ததைக் கேட்டார். இருவர் தலையும் நரைத்திருந்தது.

மணி பதினொன்று ஐம்பது.

"ரெண்டே ரெண்டு சொல்லுங்க. அதுல ஒண்ண எடுத்துக்கறேன்," என்றாள் வடிவாம்பிகை.

மகிமைதாஸுக்கு அது பிடித்தது. இரண்டு கருவிகளை மேசையில் வைத்தார். ஒன்று பயண மாடல். அது ரயிலோடு சேர்ந்து ஓடும். கிலோமீட்டருக்கு ஒரு பக்கம், முதல் பக்கத்திலிருந்து. முந்தவும் முடியாது, பிந்தவும் முடியாது. படித்ததெல்லாம் அப்படியே இருக்கும்.

"விழுப்புரத்துக்குள்ள முடிஞ்சிருமா?"

"நூத்தி அறுபது பக்கம் முடியும். மீதிக்கு நீங்க கோவில்பட்டி தாண்டிப் போகணும்."

"நாலு மணிக்கு விசாரணை."

"வாய்தா வாங்கிக்கலாம். நிறைய பேரு வாங்குறாங்க. ஆனா படிச்சு முடிக்கிற வரைக்கும் அவரு உள்ளயேதான் இருக்கணும்."

மற்றது வேலை மாடல். பத்து அங்குலம், கூடவே ஒரு பேனா. எவ்வளவு வேகமாகப் படித்தாலும் கூட வரும். ஆனால் கடைசிப் பக்கத்தில் தொடங்கி முதல் பக்கத்தில்தான் முடியும். படித்த பக்கம் தங்காது.

"தங்காதுன்னா?"

"வெள்ளையாயிடும். வேலைக்குப் படிக்கிறத யாரும் ரெண்டாவது தரம் படிக்கிறதில்லையே."

வடிவாம்பிகைக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அவள் வேலையே அப்படிப்பட்டதுதான். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள்களைப் பிழை பார்த்துக் கொடுப்பது. எப்போதும் கடைசி வரியின் கடைசிச் சொல்லில் தொடங்கி மேலே போவாள். 'உணவுக்குப் பின் இரண்டு வேளை' என்பதை 'வேளை இரண்டு பின் உணவுக்கு' என்று படித்தால்தான் அர்த்தம் வந்து கண்ணை மறைக்காது. பதினெட்டு வருடத்தில் அவள் கையைத் தாண்டி ஒரு புள்ளி தப்பாகப் போனதில்லை. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு.

மகிமைதாஸ் ஒரு படிவத்தை நீட்டினார். எதற்காக வாசிக்கிறீர்கள் என்று கேட்டு இரண்டு கட்டம் இருந்தது.

"இது பயணமும் இல்ல, வேலையும் இல்ல. வேற கட்டம் கிடையாதா?"

"மற்றவைன்னு ஒண்ணு இருந்துச்சு. எல்லாரும் அதையே போட்டாங்க. எடுத்துட்டாங்க."

வேலை என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். கடை உடனே சுருங்கிப் பழையபடி ஆனது. வாசல் நாலடியில் இருந்தது. வெளியே வரும்போது குக்கர் சத்தம் இல்லை.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எதிர் இருக்கையில் அவள் வயதுக்காரர் ஒருவர் பயண மாடலை மடியில் வைத்திருந்தார். ரயில் நகரும்வரை திரையைத் தொடாமல் இருந்தார். நகர்ந்ததும் முதல் பக்கம் வந்தது. அதற்காகக் காத்திருந்தவர் போலச் சிரித்துக்கொண்டார்.

"என் சம்சாரம். வேற டிபார்ட்மென்ட்," என்றார். "என் பேரு கோதண்டம்."

வடிவாம்பிகை தலையாட்டிவிட்டுத் தன்னுடையதைத் திறந்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். சஸ்பெண்ட் உத்தரவு. கடைசிச் சொல்லைப் பிடித்து மேலே ஏறினாள். ஏறி முடித்ததும் பக்கம் வெளுத்தது. அடுத்தது வந்தது. மூன்று மணி நேரம், அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். நிமிடத்துக்கு மூன்றரை. முடியாத வேலை இல்லை.

தாம்பரத்துக்கு முன்பே ஏரி வந்தது. சங்கிலி அளவுகள், வரைபடம், மீன். 'ஏரி' என்ற சொல்லைத் தாண்டினாள். பக்கம் வெளுத்தது.

"வடிவு, நான் எதுக்கு இங்க இருக்கேன்?" என்று அடிக்குறிப்பு வந்தது.

"ஏரியை ஏரின்னு எழுதிட்டீங்க," என்று வாயருகே கை வைத்துச் சொன்னாள்.

"எந்த ஏரி?"

அவளுக்குப் பெரிய பாரம் இறங்கியது. குற்றம் போய்விட்டது. இத்தோடு நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் ஒரு பக்கம் விட்டாலும் முடித்துவிடுவார்கள். விதி என்று எழுதிவிட்டால் அதற்குக் கண் மூக்கு கிடையாது. தொடர்ந்து படித்தாள்.

செங்கல்பட்டில் நானூற்று எண்பத்து மூன்று. சிகாமணி ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்.

"சாயங்காலம் அப்பாவுக்கு மருந்து வாங்கணும். ஞாபகப்படுத்து."

மாமனார் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. வடிவாம்பிகை ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"சரிங்க," என்றாள்.

மேல்மருவத்தூர் நெருங்கும்போது ஆஸ்பத்திரி வந்தது. பிறக்காமல் போன பிள்ளைக்காக அவர் எடுத்த விடுப்புகள், மருத்துவச் சான்றுகள், சம்பளமில்லா நாட்கள். நாற்பது பக்கம். அந்த நாற்பதை அவள் மூச்சு விடாமல் படித்தாள். அந்த வருடம் முழுக்க இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள். பக்கங்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன.

"என்னன்னு தெரியல, ரொம்ப லேசா இருக்கு வடிவு," என்று அடியில் வந்தது. "இன்னிக்கு எங்கயாவது வெளிய போலாமா?"

"போலாம்," என்றாள். அவருக்கு லேசாக இருந்ததில் அவளுக்குச் சந்தோஷம். தனக்கு மட்டும் அது அப்படியே இருந்தது.

இரண்டே முக்காலுக்குத் திண்டிவனம். நூற்று நாற்பது. நூற்று முப்பத்தைந்து. நூற்று இருபத்தாறு. பக்கம் வெளுக்கும்போது அடிக்குறிப்பு மெதுவாக, தயங்கித் தயங்கி வந்தது.

"சாப்டீங்களா?"

வடிவாம்பிகையின் விரல் நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் அவளை அப்படிக் கேட்டது கல்யாணமான புதிதில் இரண்டு மாதம்தான். அதற்குப் பிறகு எல்லாம் வா, போ, வடிவு. அவள் அவசரமாகப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். நூற்று இருபத்தேழு வெள்ளை. இருநூறு வெள்ளை. ஐந்நூறு வெள்ளை.

பதினெட்டு வருட அனுபவம். ஒரு பிழை விட்டதில்லை. தான் எதைப் படித்துக்கொண்டு வந்தோம் என்பதை மட்டும் பார்க்கவில்லை.

"சார், உங்க சம்சாரம் உங்கள ஞாபகம் வச்சிருக்காங்களா?" என்று கோதண்டத்தைக் கேட்டாள்.

"வச்சிருக்கா. நூத்தி இருபத்தி ரெண்டாம் பக்கம் வந்தாச்சு. இப்பத்தான் எனக்கு பட்டன் தச்சுக் குடுத்தா."

"விசாரணை என்னாச்சு?"

"வாய்தா. ஒன்பது வருஷமா."

"எப்ப முடியும்?"

"முடியாது. நான் ஏறுற ரயிலெல்லாம் விழுப்புரத்துலயே திரும்பிடும். ரயில் திரும்பினா பக்கமும் திரும்பும். எழும்பூர் போயி மறுபடி ஒண்ணாம் பக்கத்துல இருந்து வரணும்." சொல்லிவிட்டுச் சட்டைப் பட்டனைத் தடவிக்கொண்டார். "பழகிடும்மா."

"இங்கயே நிறுத்தினா என்னோடது என்னாகும்?"

"மிச்சம் இருக்கிற பக்கம் இருக்கும். வாய்தா கேளுங்க. குடுப்பாங்க. அவங்களுக்கும் ஒண்ணும் அவசரம் இல்ல."

கல்யாணம் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் இருந்தது. நடுவில் எட்டுப் பக்கம்தான். அவள் கருவியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நிறுத்தினால் அவர் இருப்பார். சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே பத்து அங்குலத்துக்குள் இருப்பார். எத்தனை வருடம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். தலைமாட்டில் சார்ஜ் போடலாம். அவளுக்கு அது வேண்டும் போலிருந்தது. மிகவும் வேண்டும் போலிருந்தது.

"என்னங்க," என்று குனிந்து கேட்டாள். "உள்ள இருக்கறது உங்களுக்கு எப்படி இருக்கு?"

மயிலம் தாண்டிவிட்டதா, இனிமேல்தானா என்று தெரியவில்லை. வெளியே ஒரே வயல் திரும்பத் திரும்ப வந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க," என்று வந்தது. "மூச்சு விட இடம் பத்தலைங்க."

வடிவாம்பிகை விரலைத் திரையில் வைத்தாள்.

நூற்றுப் பதினெட்டாம் பக்கம் ஒரு விடுப்பு விண்ணப்பம். கையெழுத்து இளசாக, சாய்ந்து இருந்தது. அதை மட்டும் அவள் மேலிருந்து கீழே படித்தாள். 'எனது திருமணத்தின் பொருட்டு நான்கு நாள் தற்செயல் விடுப்பு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' இன்னொரு தடவை மேலிருந்து கீழே படித்தாள். அப்புறம் வழக்கம்போலக் கடைசிச் சொல்லில் தொடங்கி மேலே போனாள். பக்கம் வெளுத்தது.

அதற்குப் பிறகு அடிக்குறிப்பு வரவில்லை. தெரியாத பெண்களிடம் வலியப் பேசுகிற ஆள் இல்லை அவர்.

அவள் அழுதாள். அழுதுகொண்டே பக்கத்தைத் தள்ளினாள். நேரம் இல்லை. பயிற்சிக் காலம், பணிநியமன ஆணை, நேர்முகத் தேர்வு. முதல் பக்கத்தில் வேலைக்கான விண்ணப்பம், மூலையில் ஒட்டிய புகைப்படம். அதற்கு முந்தைய சிகாமணி துறைக்குத் தேவைப்படவில்லை. ரயில் விழுப்புரத்தில் நின்றபோது ஒன்றாம் பக்கத்தின் முதல் சொல்லை முடித்திருந்தாள். கோதண்டம் இறங்கவில்லை. தன் இருக்கையை மட்டும் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

வட்டார அலுவலகத்தில் விசாரணை அதிகாரி ஒரு பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தார். நடந்துபோக நான்கு நிமிடம் ஆகிற மேசை. மூன்று ஐம்பத்தாறுக்கு நடக்கத் தொடங்கியவள் சரியாக நான்கு மணிக்குக் கருவியை அவர் முன்னால் வைத்தாள். அவர் பக்கங்களைப் புரட்டினார்.

"எல்லாம் படிச்சாச்சா?"

"ஆச்சு சார்."

"குற்றம் எந்தப் பக்கத்துல?"

"எதுலயும் இல்ல."

"ஏதாவது பிழை?"

வடிவாம்பிகை கொஞ்சம் யோசித்தாள். "கோப்புல இல்ல," என்றாள்.

"சுத்தமா இருக்கு. எல்லாரும் இப்படிக் கொண்டு வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்." அவர் ஒரு படிவத்தை எடுத்தார். "விடுவிச்சிரலாம். வாங்கிக்கறவங்க நீங்கதானே. உறவு?"

"மனைவி."

அதிகாரி மறுபடி புரட்டிப் பார்த்தார். முன்னும் பின்னும் பார்த்தார். வருத்தப்படுகிற முகம்தான் அவருக்கு.

"அப்படி ஒண்ணும் இதுல இல்லையேம்மா. வாசிச்சவங்கன்னு போட்டுக்கலாமா?"

"போட்டுக்குங்க."

போட்டார். முத்திரை குத்தினார். பிறகு அறையின் கோடியில் இருந்த பச்சைக் கதவைக் காட்டினார்.

"போயி பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. வந்துருவாரு."

அவள் கதவின் முன்னால் போய் நின்றாள்.

"என்னங்க," என்றாள்.

கதவு திறக்கவில்லை.

"அப்படிக் கூப்பிட்டா உள்ள இருக்கறதுல பாதிப் பேரு எந்திரிச்சு வருவாங்க," என்றார் அதிகாரி. "பேரைச் சொல்லணும்."

இருபத்திரண்டு வருடத்தில் அவள் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. யாரும் சொல்லக் கூடாது என்று தடுக்கவில்லை. அம்மா சொன்னதில்லை, மாமியார் சொன்னதில்லை, இவளும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் எழுதிக் காட்டுவாள். தபால்காரருக்குப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லுவாள். சண்டை போட்டபோதுகூட வரவில்லை. ஆஸ்பத்திரியில் கத்தியபோதும் அம்மா என்றுதான் கத்தினாள்.

இப்போது தடை ஒன்றுமில்லை. படிவத்திலேயே மனைவி இல்லை, வாசித்தவர் என்றுதான் இருக்கிறது.

"சிகாமணி," என்றாள்.

நல்ல பெயராக இருந்தது. வாய்க்குள் நிறைந்து வந்தது. இத்தனை வருடம் சொல்லாமல் விட்டோமே என்றிருந்தது. அதிகாரி கேட்காமலே இன்னொரு தடவை கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

கதவு திறந்தது. இருபத்துநாலு வயதுப் பையன் ஒருவன் வெளியே வந்தான். தலைமுடியை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். இடம் பற்றாத இடத்திலிருந்து வந்தவனைப் போல முதலில் கையை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டான். நன்றாக ஒரு மூச்சு இழுத்து விட்டான். பிறகு சுற்றிலும் பார்த்தான். தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது யார் என்று தெரிந்ததும், மரியாதையாக இரண்டடி தள்ளி நின்றான்.

"சொல்லுங்கக்கா," என்றான்.